வண்டி ஏன் நின்றது

அவருக்கு அவசரம் என்று பெயர் வைத்தவன் யாரென்று தெரியாது. நல்ல குசும்பு பிடித்த ஆளாக இருந்திருக்க வேண்டும். ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதை எல்லாப் பக்கமிருந்தும் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கையைத் துடைப்பார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார். அவருடைய பட்டறையில் வண்டியை விட்டவர்கள், "என்ன அவசரம், இந்த வருஷத்துக்குள்ள கிடைக்குமா?" என்று கேட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். ஆனால் அவர் கையைவிட்டுப் போன வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. இதுதான் கோளாறு என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஊரில் பேச்சு கிடையாது.

சத்தம் அவருடைய பழைய கூட்டாளி. அந்த மனுஷனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் என்று ஆரம்பித்தாலே எதிர்வரிசைக் கடைக்காரர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து ஒரே பட்டறையில் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். பிரிந்தது ஒரு மழைநாளில். சாரல் உள்ளே அடிக்கிறதே என்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசரம் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டார். சத்தம் வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு வந்து, வாடிக்கைக்காரர்கள் பார்க்க அவரைக் கன்னத்தில் அறைந்தார். "புகையை உள்ள பூட்டி ஆளைக் கொல்லப் பாக்குறியா?" என்று கேட்ட கேள்வி தெருக்கோடி வரை போனது. அறை நியாயமானதுதான். அது தெரிந்ததால்தான் அவசரத்துக்கு அவமானம் இன்னும் அதிகமாக இருந்தது. ஸ்பானர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தவர் அந்தப் பட்டறைக்குத் திரும்பிப் போகவில்லை.

அதனால்தான், சத்தம் தன் பட்டறையில் ஷட்டர் முழுக்க இறங்கிக் கிடக்க ஒரு காருக்குள் செத்துக் கிடந்தார் என்று செய்தி வந்தபோது, அது தற்கொலை என்று எல்லோருக்கும் முன்னால் நம்பியவர் அவசரம். ஊர் சொன்ன காரணங்கள் வேறு. தொழில் படுத்துவிட்டது, வாடிக்கையெல்லாம் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டது, மனுஷன் மனம் விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டான் என்றது ஊர். ஊர் வாய்க்கு என்ன பஞ்சம். அவசரத்துக்கு அந்தக் காரணமெல்லாம் தேவைப்படவில்லை. எஞ்சின் ஓடும்போது ஷட்டரை இறக்குகிற ஆள் இல்லை சத்தம். இறக்கியிருக்கிறான் என்றால் தெரிந்துதான் இறக்கியிருக்கிறான். எடுக்கிற அன்றைக்குக்கூட அவர் வீட்டுக்குள் போகவில்லை. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் சத்தத்தின் மனைவி அவருடைய பட்டறைக்கு வந்தாள். குடையை மடக்காமலே வாசலில் நின்றாள்.

"அண்ணே, அந்த வண்டிய வந்து பாக்கணும்."

"எந்த வண்டி?" என்றார், தெரியாதவர் மாதிரி.

"அவர் கிடந்த வண்டிதான். மருந்துக்கடைக்காரரோடது. அவரு எடுத்துக்கிட்டுப் போக மாட்டேங்குறாரு. ஆள் விட்டுக் கேட்டா, பழைய இரும்புக்குப் போட்டுருங்கன்னு சொல்லி அனுப்புறாரு. பக்கத்துக்கடை தையல்காரர் ஒருநாள் யார்கிட்டயோ பேட்டரி வாங்கிவந்து வச்சுப் பாத்தாரு. செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகலை."

"அப்ப இரும்புக்கே போட்டுரும்மா. இடமாவது மிச்சமாகும்."

"போட்டுரலாம். அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு தெரியணும்." இப்போதுதான் குடையை மடக்கினாள். "அன்னைக்கு விளக்கு வைக்கிற நேரத்துல நான்தான் ஷட்டரைத் தூக்கினேன். அப்ப எஞ்சின் ஓடலை. சாவி ஆன்ல இருந்துச்சு, அவரு நிறுத்தலை. டேங்க்ல பெட்ரோல் இருக்கு, தீந்துபோகலை. அப்ப அது ஏன் நின்னுச்சு?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"தூங்கலாம்னு பாக்குறேன்ண்ணே. படுத்தா கீழ எஞ்சின் ஓடுது. எந்திரிச்சு உக்காந்தா நின்னுருது. தலகாணியில புகை நாத்தம். எத்தனை தடவை துவைச்சாலும் போகலை. அவரு ஏன் போனாருன்னு ஊரே எனக்கு விளக்கம் சொல்லுது. எனக்கு அந்த வண்டி ஏன் நின்னுச்சுன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். அவரு என்னை விட்டுட்டுப் போனாரா, இல்லையான்னு அதுலயே தெரிஞ்சுரும்னு தோணுது."

அவசரம் கையைத் துடைத்தார். வரமுடியாது என்று சொல்ல அவரிடம் பத்துக் காரணம் இருந்தது. ஒன்றையும் சொல்லாமல் பேட்டரியை எடுத்துச் சைக்கிளின் பின்னால் கட்டினார்.

கீழே பட்டறை, மேலே வீடு. வீட்டுக்குப் படி பக்கவாட்டுச் சந்தில் இருந்தது. ஷட்டருக்கு நேர் மேலே மகளின் அறை. அதன் ஜன்னல் சாத்தியிருந்தது. பட்டறைக்குள் வண்டி மூக்கை உள்ளே வைத்து, வாலைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. போலீஸ் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனபின், தையல்காரர் பேட்டரி வைத்துப் பார்த்ததைத் தவிர, அங்கே எதையும் யாரும் தொடவில்லை. மேசைமேல் ஸ்பானர்கள் அளவு வரிசைப்படி கிடந்தன. ஆணியில் சத்தத்தின் காக்கிச் சட்டை தொங்கியது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை கவிழ்ந்து கிடந்தது. பானெட் திறந்தபடியே இருந்ததால் எஞ்சின்மேல் தூசி படிந்திருந்தது.

அவசரம் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை வைத்தார். அவருடைய வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் எஞ்சின் பக்கம் நின்று பார்க்க. முன்பெல்லாம் அவர் சாவியில் இருப்பார், சத்தம் எஞ்சினில் நின்று, 'அடி', 'நிறுத்து' என்று ஊருக்கே கேட்கக் கத்துவார்.

"பாப்பாவைக் கூப்பிடும்மா. சாவி மட்டும் திருப்பினாப் போதும்."

"அவ வரமாட்டா. அன்னையிலருந்து முன்பக்கமே வர்றதில்ல. சந்து வழியாப் போறா, வர்றா. பரீட்சை எழுதப் போகலை. ஜன்னலைத் திறக்கிறதில்ல. ஒரு வாய் சோறு வச்சா அரை வாய் திங்குறா." குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் உக்கார்றேன்," என்றாள்.

கதவைத் திறந்து ஏறினாள். சீட் நெட்டையான ஆளுக்காகப் பின்னால் தள்ளி வைத்திருந்தது. அவள் கால் பெடலை எட்டவில்லை. முன்னால் இழுத்துக்கொள்ளச் சொல்ல அவசரத்துக்கு வாய் வரவில்லை; அவளும் இழுக்கவில்லை. உள்கண்ணாடி இன்னும் அவர் பார்த்த கோணத்திலேயே இருந்தது. அதில் அவளுக்குக் கூரைதான் தெரிந்திருக்கும்.

"சும்மா ஆன் மட்டும் பண்ணு. அடிக்காதே."

பின்சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ரீங்காரம் எழுந்து அடங்கியது. பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது. அவசரம் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இப்ப அடி."

செல்ஃப் எடுத்தது. எஞ்சின் திடமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூடப் பற்றவில்லை. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிற மாதிரி ஓர் ஓசை. மேலே ஏதோ கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"போதும்."

அவள் சாவியை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அவசரம் எஞ்சினைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"அன்னைக்குக் காலையில சண்டைண்ணே," என்றாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "என் அக்கா ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்திருந்தா. போய்ப் பாத்துட்டு வரலாம்னு கூப்பிட்டேன். வேலை இருக்குன்னாரு. என்ன வேலைன்னு கேட்டா, அதுக்கு ஒரு கத்தல். எனக்கு வந்துச்சே கோபம். பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை, அந்தத் தொண்டையை மூடிக்கிட்டு அந்த வண்டிக்குள்ளயே கிடங்கன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசலை. இறங்கிப் போனாரு. அதுக்கப்புறம் நான் விளக்கு வைக்கிற வரைக்கும் ஒரு படி கீழ இறங்கலை. டீ கொண்டுபோய்க் குடுக்கலை, சோத்துக்குக் கூப்பிடலை. அவரே வரட்டும்னு இருந்தேன்."

"வீடுன்னா ஆயிரம் பேச்சு வரும்மா."

"வரும். ஆனா சொன்னபடி எவரு போய்க் கிடப்பாரு?"

அவசரம் எஞ்சினுக்குள் இன்னும் குனிந்தார். அவர் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்தார். "அடி" என்றார். எஞ்சின் சுற்றியது. பிளக்கின் நுனியில் பொறி வரவில்லை. இன்னொரு பிளக்கை மாட்டிப் பார்த்தார். அதிலும் இல்லை. பிளக்குக்குப் பொறி அனுப்பும் காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட்டை வைத்தார். வந்தது. வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார். எலி கடித்த தடம் எங்கேயும் இல்லை. ஃபியூஸ்களைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்துத் திரும்பச் செருகினார். இதற்குள் மழை வலுத்துத் தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. சாரல் வாசலை நனைத்தது. இருவரில் யாரும் ஷட்டரின் பக்கம் திரும்பவில்லை.

நடுவில் அவள் மேலே போய், சுடுசோறும் பொரித்த முட்டையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அவர் மேசையோரம் நின்றே சாப்பிட்டார். சாப்பிடும்போதும் கண் வண்டியிலேயே இருந்தது.

"பெட்ரோல் இருக்கு, கரண்ட் இருக்கு, எஞ்சினும் நல்லாச் சுத்துது. ஆனா பொறி இல்லை. யாரோ உத்தரவு குடுக்காம நிறுத்தி வச்சிருக்காங்க," என்றார், அவளிடம் பாதி, தன்னிடம் பாதி. "இன்னொரு தடவை உக்காரும்மா. இந்தத் தடவை அடிச்சுக்கிட்டே அந்த முள்ளைப் பாரு. ஸ்பீடு முள் இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது. ஆர்.பி.எம். முள்."

அடித்தாள்.

"அசையுதா?"

"இல்லண்ணே. பூஜ்யத்துலயே கிடக்கு."

அவசரம் தட்டைக் கீழே வைத்தார். எஞ்சின் சுற்றும்போது அந்த முள் கொஞ்சமாவது துடிக்க வேண்டும். துடிக்கவில்லை என்றால் எஞ்சின் சுற்றுகிற சேதி, பொறிக்கு உத்தரவு கொடுக்கிற வண்டிக் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஐயா, வண்டியை எதுக்காக விட்டீங்க?"

"அந்த வண்டியைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க. போலீஸ் அது இதுன்னு..."

"போலீஸ் இல்ல, அவசரம் பேசுறேன். என்ன கோளாறுன்னு சொல்லி விட்டீங்க? அது மட்டும் சொல்லுங்க."

"என்ன கோளாறுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நடுரோட்டுல நின்னுரும். எத்தனை அடிச்சாலும் கிளம்பாது. இறங்கிப் போய் டீ குடிச்சுட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். இதைத்தான் அவர்கிட்டச் சொன்னேன். வேற யாரும் என்னைக் கேக்கலை, நானும் சொல்லலை."

அவசரம் போனை வைத்தார். ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினார். முட்டுக் கொடுத்தார், அது அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்தார். சாக்கை விரித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் போனார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், பெருவிரல் பருமனில் ஒரு சாமான் செருகியிருக்கும். கிராங்க் சென்சார். அதைத் தேடித்தான் கை போனது. கையில் தட்டுப்பட்டது துணி.

அவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அவள் சக்கரத்தின் பக்கம் குனிந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். கடைசியில் முதுகால் தேய்த்துக்கொண்டு வந்து, எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்தார். ஒரு கையில் கழற்றிய சென்சாரும், மறு கையில் சுருண்டு காய்ந்துபோன ஒரு துண்டுத் துணியும் இருந்தன. தண்ணீர்க்கறை திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

"இந்தத் துணியை அவன் கட்டியிருக்கான்," என்றார். "சென்சாரைச் சுத்தி ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டிருக்கான். அந்தக் குவளையில தண்ணி கொண்டுவந்திருக்கான்."

"எதுக்குண்ணே?"

"சொல்றேன். எஞ்சின் சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற சாமான் இது. சூடு ஏறினா இதுக்கு நினைவு தப்பிரும். எஞ்சின் சுத்திக்கிட்டே இருந்தாலும் நின்னுருச்சுன்னு நெனச்சு கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அணைச்சுரும். ஆறினா நினைவு திரும்பும். மருந்துக்கடைக்காரர் டீ குடிக்கிற நேரத்துல ஆறிடும், அவ்வளவுதான். இதைப் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. வண்டியை ஓடவிட்டு, எப்ப நிக்கும்னு பக்கத்துலயே காத்துக் கிடக்கணும். நின்னதும் இது மேல ஈரத்துணியைச் சுத்தணும். ஆறினதும் அடிச்சுப் பாக்கணும். கிளம்பினா இதுதான் கோளாறு. இப்ப ஆறிக் கிடந்தும் முள் அசையலைன்னா, அந்தத் தண்ணி உள்ள இறங்கி இது ஒரேயடியாச் செத்துப்போச்சு."

அவள் துணியையும் குவளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வண்டி தானா நின்னிருக்கும்மா. நின்ன பிறகு அவன் தரையில படுத்து, கொதிக்கிற எஞ்சினுக்கு அடியில கையை விட்டு ஈரத்துணி கட்டியிருக்கான். தலை சுத்தியிருக்கும். அந்தப் புகையில இருக்கிற விஷம் கண்ணுக்குத் தெரியாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். ஆறுற வரைக்கும் உக்காருவோம்னு சீட்டுல போய் உக்காந்திருக்கான். சாகப் போறவன் ஈரத்துணி கட்ட மாட்டாம்மா. வண்டி கிளம்புதான்னு பாக்கக் காத்துக்கிட்டு இருந்திருக்கான்."

"வேலைதான் பாத்துக்கிட்டு இருந்தாரா?"

"வேலைதான்."

"என்னை விட்டுட்டுப் போகலை?"

"போகலை."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். "பாவி மனுஷன், வேலை இருக்குன்னு சொன்னாரே, நான் நம்பலையே," என்றாள். அப்புறம் அந்தத் துணியை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை என்று தையல்காரர் பின்னால் சொன்னார். அடுத்த கடையில் மிஷின் ஓடுவது நின்றிருந்தது. அழுது முடித்ததும் எழுந்து, மழையில் நனைந்தபடி வாசலில் போய் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"பாப்பா. கீழ வா. மாமா கண்டுபிடிச்சுட்டாரு, வா."

ஜன்னல் திறக்கவில்லை. ஆனால் சற்று நேரத்தில் சந்துப் பக்கத்திலிருந்து மகள் வந்தாள். அப்பனின் உயரம். பட்டறைக்குள் வராமல், ஷட்டர் தூணை ஒட்டி நின்றாள். அம்மா சென்சாரையும் துணியையும் குவளையையும் காட்டி, அப்பா ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை, வேலைதான் பார்த்திருக்கிறார் என்று தனக்குப் புரிந்த அளவில் படபடவென்று சொன்னாள். பெண் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. இருந்த கொஞ்ச நிறமும் போயிற்று.

அவசரம் இதையெல்லாம் கவனித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற மனுஷன். ஆனால் கூட்டாளியைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்ற தவிப்பு அவரைத் தள்ளியது.

"ஷட்டர்தான் எனக்குப் புரியலை," என்றார். "அவன் அதை இறக்கியிருக்கவே மாட்டான். செத்தாலும் இறக்க மாட்டான். யாரோதான்..."

வாயைவிட்டு வந்தபின்தான் அவருக்கு உறைத்தது.

"நான்தான் இறக்கினேன்," என்றாள் பெண்.

மழைதான் கொட்டிக்கொண்டிருந்தது.

"புகை என் ரூமுக்கு வந்துச்சு. எப்பவும் நான் வந்து பாதி இறக்குவேன். அப்பா உள்ளயிருந்து கத்துவாரு. நான் ஓடிருவேன். அவரே தூக்கி விட்டுக்குவாரு. அது எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு. அன்னைக்கு இறக்கினேன், கத்தலை. ஆள் உள்ள இல்லை, எங்கயோ போயிருக்காருன்னு நெனச்சு முழுசா இறக்கிட்டுப் போயிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம் எல்லாரும் அப்பாவே பண்ணிக்கிட்டாருன்னு சொன்னாங்க. நான் இறக்கினதுக்கு அப்புறம் அவரு திறந்து, மறுபடி மூடியிருப்பாருன்னு நெனச்சேன். அப்படித்தான் இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிட்டேன்மா. அப்பா தானே பண்ணிக்கிட்டதா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

சத்தம் ஏன் கத்தவில்லை என்பது அங்கே நின்ற மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும். பிள்ளைக்குப் பரீட்சை, தொண்டையை மூடிக்கிட்டுக் கிடங்க என்று காலையில் ஒருத்தி சொல்லியிருந்தாள். மனுஷன் அன்றைக்கு ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார். ஷட்டர் இறங்கியது காதில் விழுந்திருக்கும். விளையாட்டுக்குக் கத்தப் போய் மறுபடியும் சண்டையாகிவிடுமோ என்று விட்டிருப்பார், பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று. அதற்குள் எஞ்சின் நின்றிருக்கும். நின்ற எஞ்சினைப் பார்த்துவிட்டால் அவருக்கு ஷட்டராவது, உலகமாவது.

அம்மா மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேடிப் பிடித்துக் கையில் வைத்திருந்த நிம்மதியை அவள் அந்தக் கணத்தில் கீழே வைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமான குரலில், கொஞ்சம் எரிச்சல்கூட இருந்த குரலில் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியும்டி."

"தெரியுமா?"

"தெரியாம என்ன? நீ மேல வந்தப்புறம் நான் கீழ போனேன். ஷட்டர் இறங்கியிருந்துச்சு. தூக்கினேன். அப்பா உள்ள எஞ்சின்கிட்டக் குனிஞ்சு நின்னுக்கிட்டு இருந்தாரு, நல்லாத்தான் இருந்தாரு. என்னைப் பாத்தாரு, பேசலை. எனக்கு ஆத்திரம். திரும்பிப் போறப்ப நானே இழுத்து முழுசா இறக்கிட்டுப் போனேன். நீ இறக்கினது அப்பவே முடிஞ்சுபோச்சு. இறங்கிக் கிடந்தது நான் இறக்கினது."

"நான் பாக்கலையேம்மா."

"ஜன்னலைச் சாத்திக்கிட்டு, காதுல பஞ்சை வச்சுக்கிட்டுப் படிச்சா எப்படிப் பாப்பே?"

விளக்கு வைக்கிற வரைக்கும் ஒரு படி இறங்கவில்லை என்று இவள்தான் சொன்னாள்; அதைக் கேட்டுவிட்டுச் சோறு தின்ற அவசரத்தின் கைகூட இன்னும் காயவில்லை. அவசரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் பெண் தன்னைத்தான் பார்ப்பாள் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியேதான் ஆயிற்று.

"மாமா."

"சொல்லும்மா."

"அம்மா தூக்கினப்ப, முதல்ல நான் அடைச்சு வச்ச புகையெல்லாம் வெளிய போயிருக்குமா? கொஞ்சமும் மிச்சம் இருந்திருக்காதா?"

வண்டி விஷயத்தில் அவர் யாருக்கும் பொய் சொன்னதில்லை. வேலை கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லி அனுப்பியவர். இப்போது வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், புகைக்குழாய் தெருவைப் பார்த்திருப்பதைப் பார்த்தார். அளக்கிறவர் மாதிரியே இருந்தது.

"போயிருக்கும்," என்றார். "இவ்வளவு பெரிய வாசல். தூக்கின உடனே காத்து அடிச்சுக்கிட்டுப் போயிரும். ஒரு பொட்டு நிக்காது. நீ இறக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

பெண் தூணை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவின் தோளில் தலையை வைத்தாள். உயரமானவளாதலால் குனியவேண்டியிருந்தது. முதுகு குலுங்கியது.

"வெளிய சொல்லிராதே பாப்பா," என்றாள் அம்மா, அவள் தலையைத் தடவிக்கொண்டே. "யாருக்காவது தெரிஞ்சா என்னை விசாரணைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

"சொல்ல மாட்டேன்மா. நீ பயப்படாதே. நான் இருக்கேன்ல?"

பெண் மேலே போனபின், அவசரம் சென்சாரைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, ஊர் சொல்றது அப்படியே இருக்கட்டும்."

"தங்கச்சி, யோசிச்சுப் பேசு. அவன் பேரு..."

"விபத்துன்னு சொன்னா, ஷட்டரை யாரு இறக்கினான்னு அடுத்த கேள்வி வரும். நீங்களே கேட்டீங்களே. தெருவுல இருக்கிற எல்லாரும் அவ இறக்கி விளையாடுறதைப் பாத்தவங்கதான்." துணியை நான்காக மடித்து அவர் கையில் வைத்தாள். "இதைக் கண்ணுல படாத இடத்துல போட்டுருங்க. அவரு இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு. என்ன, தெருவுக்கே கேக்கச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பாரு."

"நீ தூங்கணும்னு சொன்னியேம்மா."

"அவ தூங்கட்டும்," என்றாள்.

மழை விட்டதும் வண்டியை வெளியே தள்ளினார்கள். அவசரம் தன் பட்டறைக்குக் கொண்டுபோய், பிரித்து இரும்புக்குப் போடுவதாக ஏற்பாடு. தள்ளுவதற்குத் தையல்காரர் வந்தார். இழுத்துக்கொண்டு போகும் வண்டிக்காகக் காத்திருந்தபோது டீக்கடையிலிருந்தும் இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள். மேலே அந்த ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது.

"என்ன கோளாறு?" என்று கேட்டார் தையல்காரர்.

"பம்ப் போயிருச்சு."

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து இழுத்து விட்டார். நல்ல மனுஷன். ஊரே ஒன்று சொன்னபோது வாயைத் திறக்காமல் இருந்த ஒரே ஆள்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கு," என்றார். "அவங்க அழுததைக் கேட்டதும் அதிகமாயிருச்சு. அவரு எஞ்சின் ஓடுறப்ப ஷட்டரை இறக்குற ஆளே இல்லையே. அதுக்காக உங்களையே கை நீட்டினவரு. அவரு போய் இப்படிச் செஞ்சிருப்பாரா? வேற என்னமோ நடந்திருக்குன்னு தோணுது. உங்களுக்குத் தெரியாததா? நீங்க சொல்லுங்க."

டீக்கடை ஆட்களும் அவசரத்தைப் பார்த்தார்கள். அவர் பதில் சொல்ல வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் துணி இருந்த இடத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் நடக்கலை," என்றார். "நான்தான் எல்லாத்தையும் பாத்துட்டேனே. அவனேதான் இறக்கிக்கிட்டான்."

அவசரம் சொன்னால் அது முடிவு. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் சத்தத்துக்காகப் பேசவில்லை.